தேவையில்லாத வசதிகள்

அம்மாவின் இடது கையில் ஏதோ சரியில்லை என்று முதலில் சொன்னது ஒரு கீபோர்டு. வீட்டில் நாங்கள் மூன்று பேர். ஒருவரும் அதை நம்பவில்லை. கீபோர்டுதான் சரியில்லை என்றோம்.

அப்படி நினைத்ததற்கு இடமும் ஒரு காரணம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலிலிருந்து நான்கைந்து தெரு தள்ளி எங்கள் வீடு. இந்தப் பக்கம் எந்தப் பொருள் கெட்டாலும் குற்றவாளி ஒன்றுதான்: உப்புக்காற்று. ஏசியின் வெளிப்பெட்டி சில கோடைகளுக்கு மேல் தாங்காது. ஃபேன் இறக்கையில் புள்ளி புள்ளியாகத் துரு. கேட்டின் கொண்டி ஒரு நாள் கையோடு வந்துவிடும். மெக்கானிக்கைக் கூப்பிட்டால், பொருளைத் திறப்பதற்கு முன்பே "உப்புக்காத்து சார்" என்பார். நாமும் தலையாட்டுவோம். அதற்கு மேல் யாரும் விசாரிப்பதில்லை.

இன்னொரு காரணம் அப்பா. மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில், அளவுக் கருவிகளைச் சோதித்துச் சரியென்று ஸ்டிக்கர் ஒட்டும் அறையில் அவருக்கு வேலை. அளவு தப்பாக வந்தால் பொருளைக் குறை சொல்லாதே, முதலில் அளந்த கருவியைப் பார் என்பதுதான் அந்த அறையின் முதல் பாடம். வீட்டிலும் அவர் அப்படித்தான். எனக்குக் காய்ச்சல் என்று தெர்மாமீட்டர் காட்டினால், அதைத் தன் அக்குளில் ஒரு முறை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எனக்கு மாத்திரை தருவார்.

நான் சிறுசேரியில் மென்பொருள் அலுவலகம் ஒன்றில் டெஸ்டர். மற்றவர்கள் எழுதியதில் கோளாறு தேடுவது என் வேலை. எதையும் பட்டியல் போட்டால்தான் எனக்கு யோசிக்கவே வரும். அம்மா திருக்கழுக்குன்றத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். அவளுக்கு இசையோடு இருந்த தொடர்பெல்லாம் காலை வணக்கத்தில் பிள்ளைகளோடு நின்று பாடுவது மட்டும்தான்.

அந்தப் பள்ளியில் ஒரு ஆர்மோனியம் இருந்தது. அதன் துருத்தியை எலி கடித்துவிட்டது. அன்றிலிருந்து காலை வணக்கப் பாட்டை யாராவது ஒரு டீச்சர் தன் போனில் ஓடவிட்டு, மைக் முன்னால் பிடிப்பார். அம்மாவுக்கு அது ஆகவே ஆகாது.

"போன் அது பாட்டுக்குப் போவுது. புள்ளைங்க பின்னாடியே ஓடுதுங்க. ஒண்ணாங்கிளாஸ் பாதி வரியில மூச்சு வாங்கி நின்னுடுது. நின்னா போனுக்குத் தெரியுமா?" என்றாள் ஒரு நாள் சாப்பாட்டின்போது.

"தெரியாதுதான். அதுக்கு?" என்றார் அப்பா.

"ஆளு வாசிச்சா, புள்ளைங்களுக்காக நிப்பாங்கல்ல. நானே கத்துக்கப் போறேன்."

அப்பா என்னைப் பார்த்தார். "கேட்டியா? டீச்சர் இந்த வயசுல ஒண்ணாங்கிளாஸ் சேரப் போறாங்க. அப்ளிகேஷன் வாங்கிட்டு வரட்டுமா?"

"நீங்க டிபன் பாக்ஸ் தூக்கினு வந்தா போதும்" என்றாள் அம்மா.

ஆர்மோனியத்தைப் பழுதுபார்க்கலாமே என்றேன். அம்மா ஏற்கவில்லை. ஆர்மோனியத்தில் இடது கை காற்றடிக்கத்தான் ஆகும், கீபோர்டில் இரண்டு கையும் வாசிக்கலாம் என்றாள். பிறகு இடது கையைத் தட்டுக்கு மேலே தூக்கி, விரல்களை விரித்துப் பார்த்தாள். "சும்மா பையும் பாத்திரமும் புடிச்சுக்கினே இருந்துச்சு. இப்பத்தான் இந்தக் கைக்கு ஒரு நல்ல வேலை வரப் போவுது."

அந்தக் காட்சியை நான் பிறகு பல முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். விரல்கள் அன்றே முழுதாக விரிந்தனவா? கண் முன்னால் கொண்டுவரப் பார்க்கிறேன். வலது கையில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது தெரிகிறது. இடது கை தெளிவாகத் தெரிவதில்லை.

வாங்குவதற்கு முன் வழக்கம்போல ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டேன். முதல் பத்தி, தேவையானவை. ஐந்து ஸ்தாயியாவது இருக்க வேண்டும், அதாவது அறுபத்தொரு கட்டை. கட்டைகள் பெரியவர்கள் விரலுக்கு ஏற்ற முழு அகலத்தில் இருக்க வேண்டும். பொம்மைக் கீபோர்டில் விரல் இடித்துக்கொள்ளும். ஹெட்போன் மாட்ட இடம் வேண்டும். கரண்ட் போனால் பேட்டரியில் ஓட வேண்டும். ஷேர் ஆட்டோவில் தூக்கிப் போகிற எடை. எல்லாவற்றுக்கும் மேலாக டச் வேண்டும்: மெல்லத் தொட்டால் மெல்லவும், அழுத்தித் தொட்டால் சத்தமாகவும் கட்டை ஒலிக்க வேண்டும். அது இல்லாமல் பழகினால் கை கெட்டுவிடும் என்று நான் படித்த எல்லா இடத்திலும் சொல்லியிருந்தார்கள். அந்த வரியின் கீழ் கோடு போட்டேன்.

இரண்டாம் பத்தி, தேவையில்லாதவை. நூற்றுக்கணக்கில் வரும் தாளங்கள். ஒரே விரலை வைத்தால் கீபோர்டே மற்ற சுரங்களைச் சேர்த்துக்கொள்ளும் ஒற்றை விரல் வசதி. தானே வாசித்துக் காட்டும் டெமோ பட்டன். இவற்றுக்காக ஒரு ரூபாயும் கூடத் தரக் கூடாது என்று முடிவு செய்துகொண்டேன்.

செங்கல்பட்டில் ராட்டினங்கிணறு பக்கம் ஒரு சின்னக் கடை. கண்ணாடிக்குள் தவில் தோலும் கிட்டார் கம்பியும் தொங்கின. கடைக்காரர் என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "பாப்பாவுக்கு எத்தினி வயசு மேடம்?"

"எந்தப் பாப்பா?"

"வாசிக்கப் போற பாப்பா."

அம்மா வகுப்பில் பிள்ளைகள் தூக்குவது போலக் கையைத் தூக்கினாள். "நான்தாம்பா."

"அய்ய, சாரிமா" என்று சிரித்தார். "அப்ப உங்களுக்குன்னே ஒண்ணு கீது. சிம்பிளா இருக்கும்."

அவர் எடுத்து வைத்ததில் டச் இல்லை. டச் உள்ளதைக் கேட்டேன்.

"டச் இன்னாத்துக்கு மேடம்? டச்சு இருந்தா, தடவுனா தடவுன மாதிரி கேக்கும், குத்துனா குத்துன மாதிரி கேக்கும். புச்சா கத்துக்கிறவங்களுக்கு பேஜாரு. இதுன்னா எப்டி அமுக்குனாலும் ஒரே சவுண்டு. தப்பு வெளிய தெரியாது."

"தெரியணும்" என்றேன்.

"இன்னாது?"

"தப்பு வெளிய தெரியணும். அப்பதான் திருத்திக்க முடியும்."

அவர் அம்மா பக்கம் திரும்பினார். "உங்க பொண்ணு செம்ம ஸ்ட்ரிக்டு டீச்சரா கீறாங்களே."

"டீச்சர் நானு. அவ எக்ஸாமினர்" என்றாள் அம்மா.

டச் உள்ளதை உள்ளிருந்து கொண்டுவந்தார். நான் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை ஒவ்வொரு கட்டையையும் ஒரு முறை மெல்ல, ஒரு முறை ஓங்கி அழுத்திப் பார்த்தேன். "எண்ணிக்கோங்க மேடம், கொறஞ்சா சொல்லுங்க" என்று அவர் கிண்டல் செய்தார். எதுவும் குறையவில்லை. எல்லாம் ஒழுங்காக ஒலித்தன. அம்மாவும் வாசித்துப் பார்த்தாள், வலது கையால் மட்டும். இடது முழங்கையில் கைப்பை தொங்கியது.

நான் பில் கேட்டபோது அவருக்கு மனசு கேட்கவில்லை. "இத்த கேக்காம போறீங்களே" என்று டெமோ பட்டனை அழுத்தினார். வயலின், டிரம்ஸ், பியானோ எல்லாம் சேர்ந்து கடை அதிர்ந்தது. கட்டைகள் அசையாமல் கிடந்தன. அம்மா திடுக்கிட்டுப் பின்னால் நகர்ந்தாள்.

"யாருப்பா வாசிக்கிறது?"

"யாரும் இல்லமா. அதுவா வாசிச்சுக்கும்."

"அப்ப நான் எதுக்கு?" என்று கேட்டுவிட்டு அம்மா சிரித்தாள்.

வீட்டில் கீபோர்டுக்கு அப்பா பாதுகாப்பு ஏற்பாடு செய்தார். கடல் பக்கத்து ஜன்னல் கூடாது என்று உள் சுவர் ஓரமாக மேஜையைப் போட்டார். செருப்புப் பெட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைச் சேர்த்து வைத்திருப்பது அவர் பழக்கம். அவற்றைக் கீபோர்டைச் சுற்றி அடுக்கினார். மேலே பிளாஸ்டிக் உறை, அதன் மேல் அம்மாவின் பழைய சேலை. "ஐசியூல வெச்சா மாதிரி கீது" என்றாள் அம்மா. நாங்கள் சிரித்தோம்.

பள்ளி விட்டு வந்து, காபி குடித்து, போனைச் சுவரில் சாய்த்து வைத்து வீடியோ பார்த்து அம்மா பழகினாள். வலது கை சீக்கிரம் வந்துவிட்டது. பிறகு இடது கை. இடது கைச் சுண்டுவிரலை ஸ மேல் வை, மோதிர விரலை ரி மேல் வை என்று வீடியோவில் சொன்னார்கள். அம்மா வைத்தாள். ஸ கேட்கவில்லை. கேட்டபோதும் பக்கத்து அறையில் யாரோ வாசித்தது போல மங்கலாகக் கேட்டது.

"இந்த ஸ மட்டும் மக்கர் பண்ணுது பாருங்க" என்று கூப்பிட்டாள்.

அப்பா வந்து ஆள்காட்டி விரலால் அதை அழுத்தினார். கணீரென்று ஒலித்தது. "நல்லாத்தானே இருக்கு."

"நான் அமுக்கினா வரல."

அப்பா மறுபடி அழுத்தினார். மறுபடி கணீர். அவர் முகத்தில் கவலை வந்தது. "விட்டு விட்டு வர்ற ஃபால்ட்டு. இதுதான் இருக்கறதிலேயே மோசம். உப்பு உள்ள பூந்துடுச்சு."

நானும் அழுத்திப் பார்த்தேன். எனக்கும் ஒலித்தது. எங்கள் அலுவலகத்தில் இதற்கு ஒரு பதில் உண்டு. பயன்படுத்துகிறவர் கோளாறு என்பார். எழுதியவர் என் மெஷினில் வரவில்லையே என்பார். அந்தப் பதிலைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். யாருக்கு மட்டும் வருகிறதோ, அவரிடம் என்ன வித்தியாசம் என்று முதலில் பாருங்கள் என்று புதிதாகச் சேர்ந்தவர்களிடம் நானே சொல்லியிருக்கிறேன். அன்று அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை. அம்மாவை யாரும் அப்படிப் பார்ப்பதில்லை.

அந்த வாரங்களில் வீட்டில் வேறு சிலவும் நடந்தன. காலையில் சேலைத் தோளில் பின் குத்த அம்மா என்னைக் கூப்பிட ஆரம்பித்தாள். பின் துருப்பிடித்து இறுகிவிட்டது என்றாள். புதுப் பின் அட்டை வாங்கி வந்தேன். ஊறுகாய் ஜாடியின் மூடி திறக்கவில்லை; உப்புக்காற்றில் திருகு பிடித்துக்கொண்டது என்றோம். ஒரு மாலை காபி டம்ளர் அவள் இடது கையிலிருந்து நழுவி விழுந்து, சமையலறை முழுக்கச் சிதறியது. "கை ஈரம்" என்றாள். அப்பா டம்ளரை எடுத்து அதன் விளிம்பைத் தடவிப் பார்த்தார்.

கீபோர்டை மாற்றிக் கேட்க நான் மட்டும் செங்கல்பட்டு போனேன். கடைக்காரர் அந்தக் கட்டையைத் தட்டினார், குத்தினார், தடவினார்.

"மேடம், சூப்பரா பாடுதே இது. இன்னா பிராப்ளம்?"

"எங்கம்மா வாசிச்சா வரல."

"அம்மா வாசிச்சா வரலையா?" அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு தோளைக் குலுக்கினார். "சரி வுடுங்க. டீச்சரம்மா மூஞ்சிக்காக மாத்தித் தரேன். வேற ஆளா இருந்தா நடக்காது."

புதுக் கீபோர்டு வந்தது. முதல் மாலை அம்மா ஐந்து விரலையும் வைத்து வாசித்தாள். ஸ வரவில்லை. ரியும் மங்கியிருந்தது.

நாங்கள் மூவரும் கீபோர்டைப் பார்த்தோம். நான் சொல்ல வேண்டிய வார்த்தை என் வாய்க்குள் வந்து நின்றது போல இருந்தது. அதற்குள் அப்பா பேசிவிட்டார்.

"ஒரே லாட்டு, ஒண்ணா செஞ்சது. ஒண்ணு கெட்டா அந்த லாட்டே அப்படித்தான் வரும். எங்க கம்பெனியில எத்தனை பாத்திருக்கேன்."

அவர் குரலில் நிம்மதி இருந்தது. எங்களுக்கும் அது தொற்றிக்கொண்டது.

அடுத்த ஞாயிறு மழை. காற்று திசை மாறி வடக்கிலிருந்து வீசத் தொடங்கியிருந்தது. அந்தப் பருவத்தில் எங்கள் வீட்டுக்குள் கடல் சத்தம் ஓயாமல் கேட்கும். பேசும்போது மறந்துபோகும், பேச்சு நின்றால் திரும்ப வரும். அப்பா சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாள் விரித்து, கீபோர்டைக் கவிழ்த்து, திருகுகளைக் கழற்றி வரிசையாக வைத்தார். கட்டைகளுக்கு அடியில் இருந்த ரப்பர் பட்டையைத் தூக்கிப் பார்த்தார். புத்தம் புதியது. ஒரு துளி உப்பு இல்லை. இருந்தும் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ஒவ்வொன்றாகத் துடைத்தார். ஸ இருந்த இடத்தை இரண்டு முறை துடைத்தார். மறுபடி பூட்டி, நிமிர்த்தி வைத்தார்.

"இப்ப வாசி."

அம்மா வாசித்தாள். ஸ வரவில்லை.

அப்பா மறுபடி ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். "இருங்கப்பா" என்றேன்.

எனக்கு அப்போது தெரிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. செய்யாமல் விட்ட சோதனை ஒன்று பாக்கி இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது. அம்மாவிடம் இடது கையை ஒரு கட்டை தள்ளி வைக்கச் சொன்னேன். இப்போது ஸ மேல் எந்த விரலும் இல்லை. சுண்டுவிரல் ரி மேல் இருந்தது, மோதிர விரல் க மேல்.

"வாசிம்மா."

ரி வரவில்லை. க மங்கலாக வந்தது. மற்றவை கணீரென்று வந்தன.

"இன்னொரு கட்டை தள்ளி."

க வரவில்லை.

"இப்ப வலது கையால அதே கட்டைங்களை."

எல்லாம் வந்தன.

இன்னொரு முறை தள்ளச் சொல்ல அவசியம் இல்லை. அம்மா தானே தள்ளி வைத்தாள். கணக்கு டீச்சர், எதை மாற்றினோம், எது மாறவில்லை என்று அவளுக்கு நாங்கள் சொல்லித் தர வேண்டியதில்லை. கட்டை மாறிக்கொண்டே இருந்தது. விரல் மாறவில்லை. கடைசியாக ஒரு முறை அழுத்தினாள். சத்தமே வரவில்லை. கட்டை பாதி வரை இறங்கித் திரும்ப மேலே வந்தது.

கையை எடுத்துச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டாள். "சாம்பார் அடுப்புல இருக்கு" என்று எழுந்து போனாள். அடுப்பில் எதுவும் இல்லை. எல்லாருக்கும் அது தெரியும். அப்பா ஸ்க்ரூடிரைவரைத் துணியில் துடைத்துப் பெட்டியில் அதன் இடத்தில் வைத்தார். கடல் சத்தம் கேட்டது.

செங்கல்பட்டில் டாக்டர் அம்மாவின் இரண்டு கைகளையும் மேஜை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொன்னார். அப்படி வைத்த பிறகுதான் நாங்கள் பார்த்தோம். இடது கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதை குழிந்திருந்தது. தினமும் காபி நீட்டிய கை. டாக்டர் ஒரு தாளைக் கிழித்து அம்மாவின் விரலிடுக்கில் வைத்து, இறுக்கிப் பிடிக்கச் சொல்லி இழுத்தார். வலது கையில் தாள் கிழிந்தது. இடது கையில் தாள் அப்படியே வந்துவிட்டது.

"எவ்ளோ நாளா இப்படி?" என்று கேட்டார்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா என்னைப் பார்த்தார். "கீபோர்டு வாங்கினதுலேர்ந்து" என்றேன். அதைவிடச் சரியான பதில் எங்களிடம் இல்லை.

முழங்கையில் நரம்பு நசுங்கியிருந்தாலும் இப்படி ஆகும், பஸ் கம்பியில் கை மடக்கி நின்று போகிறவர்களுக்கு வரும் என்று அவர் சொன்னபோது எங்களுக்கு உயிர் வந்தது. ஆனால் நரம்புச் சோதனை செய்தே ஆக வேண்டும் என்றார்.

சோதனை அறையில் நோயாளியோடு ஒருவர் இருக்கலாம் என்றார்கள். அப்பா உள்ளே போனார். கதவில் சின்னக் கண்ணாடி இருந்தது. அம்மா படுத்திருந்தாள். கையில் வயர் ஒட்டி, லேசாக மின்சாரம் கொடுத்துப் பார்க்கிற சோதனை; ஒவ்வொரு முறையும் விரல் துள்ளும். அப்பா அம்மாவைப் பார்க்கவில்லை. குனிந்து மெஷினின் பக்கவாட்டில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். டெக்னீஷியன் பெண் கேட்பது கதவு வழியாகக் கேட்டது.

"இன்னா சார் பாக்கறீங்க?"

"காலிபரேஷன் ஸ்டிக்கர் எங்க ஒட்டியிருக்கீங்க?"

"பின்னாடி கீது சார்."

அப்பா பின்னால் போனார். மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். அவர் படித்து முடிக்க வெகுநேரம் ஆனது. சில வாரங்களுக்கு முன்புதான் சோதித்து ஒட்டியிருந்தார்கள் என்று பிறகு என்னிடம் சொன்னார். படித்து முடித்ததும் நிமிர்ந்தார். நாற்காலியை இழுத்து அம்மாவின் தலைமாட்டில் போட்டு உட்கார்ந்தார். கருவி சரியாக இருந்தது.

முழங்கை நரம்பு மட்டும் இல்லை என்றார்கள். வலது கையிலும் சில இடங்களில் சந்தேகம் இருக்கிறது, சில மாதம் பொறுத்து மறுபடி பார்த்தால்தான் நோய்க்குப் பெயர் சொல்ல முடியும் என்றார்கள். மாத்திரை எழுதினார்கள், விரல் பயிற்சி சொன்னார்கள். பெயர் சொல்லாத வரை நல்லது என்று நான் நினைத்துக்கொண்டேன். அப்பாவும் அம்மாவும் என்ன நினைத்தார்கள் என்று தெரியாது. திரும்பும் பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் மலை தெரிந்தபோது அம்மா வழக்கம்போலக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள், வலது கையால் மட்டும்.

பிறகு அம்மா அந்தக் கையைப் பற்றி வீட்டில் பேசவில்லை. கீபோர்டைப் பற்றித்தான் பேசினாள். அடுத்த வாரம் பள்ளியில் வாசிப்பதாகத் தலைமை ஆசிரியையிடம் சொல்லிவிட்டாள். மாலையில் உட்கார்ந்து கொஞ்சம் வாசித்தாள், நிறுத்தினாள்.

"ஏண்டி, அந்த டச்சை ஆஃப் பண்ண முடியுமா?"

"எதுக்கும்மா?"

"பண்ண முடியுமா முடியாதா?"

முடியும். ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தால் போதும். அழுத்திப் பிடித்தேன். அம்மா வாசித்தாள். எல்லாக் கட்டையும் ஒரே அளவில் ஒலித்தன, ஸ உட்பட. கட்டை இறங்கினால் போதும், எவ்வளவு பலத்தோடு இறங்கியது என்று கீபோர்டு இப்போது கேட்கவில்லை. அம்மாவின் சுண்டுவிரல் மடங்கியே இருந்தது. கையின் ஓரத்தைச் சாய்த்து அதன் எடையால் கட்டையை இறக்கினாள்.

"அந்தக் கடைக்காரர் அன்னிக்கே சொன்னாரு" என்றாள். திட்டுவது போல இல்லை. சும்மா சொன்னாள்.

நான் விடுப்பு எடுத்துக்கொண்டு ஆட்டோவில் கீபோர்டைப் பள்ளிக்குக் கொண்டுபோனேன். கொடிக்கம்பத்தடியில் பெஞ்சு போட்டு வைத்தோம். அம்மா என்னிடம் மட்டும், "இதப் போயி அழுதுகினு பாக்காத. புள்ளைங்க பாக்குதுங்க" என்றாள். நான் அழவில்லை. பாட்டு தொடங்கியது. மூன்றாவது வரியில் ஒன்றாம் வகுப்பு மூச்சு வாங்கி நின்றது. அம்மா நின்றாள். தலையசைத்து, அவர்கள் வாயைத் திறக்கும் வரை காத்திருந்து, பிறகு அடுத்த சுரத்தைத் தொட்டாள். அவர்கள் கூடவே வந்துவிட்டார்கள். அவள் விரும்பியது அவ்வளவுதான். நடந்துவிட்டது.

முடிந்ததும் மற்ற டீச்சர்கள் சூழ்ந்துகொண்டார்கள். "ஒரு ஸ்வரம் கூடப் பிசகலையே மிஸ்! ரெண்டு கையும் அப்படியே ஓடுது!" என்றார் ஒருவர். உண்மைதான். காதுக்கு ஒரு தவறும் கேட்கவில்லை. மொத்தக் கூட்டத்தில் நான் மட்டும் பாட்டைக் கேட்காமல் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சில மாதம் கழித்துச் சோதனை மறுபடி நடந்தது. இன்னும் பெயர் சொல்லவில்லை. அதே சோதனையை இப்போது வலது கையில்தான் நீண்ட நேரம் செய்கிறார்கள். அம்மா ஒவ்வொரு நாளும் பள்ளிக்குப் போகிறாள். கீபோர்டு இப்போது பள்ளியிலேயே இருக்கிறது, விடுமுறைக்கு மட்டும் வீட்டுக்கு வரும். கடந்த விடுமுறையில் இடது கையில் மூன்று விரலை ஒன்றாக வைக்க வரவில்லை என்றாள். நான் ஒற்றை விரல் வசதியை எப்படிப் போடுவது என்று கையேட்டில் தேடிச் சொல்லிக் கொடுத்தேன். இப்போது இடது கையில் ஒரு கட்டையை மட்டும் தொடுகிறாள், மீதியைக் கீபோர்டு சேர்த்துக்கொள்கிறது. "இது நல்லாருக்கே, ஏன் முன்னாடியே சொல்லல?" என்றாள்.

போன வாரம், அந்த விடுமுறை முடியும் முன், அப்பா சேலையை விலக்கிக் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். இன்னும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை மாற்றி வைக்கிறார். துணி எங்கோ பட்டு, டெமோ ஓடத் தொடங்கிவிட்டது. வயலின், டிரம்ஸ், பியானோ, இரண்டு கையாலும் வாசிப்பது போல. கட்டைகள் அசையவில்லை. அப்பா பதறிப்போய் ஒவ்வொரு பட்டனாக அழுத்தினார். நிற்கவில்லை, தாளம் மட்டும் மாறியது.

"பரவால்லையே" என்றாள் அம்மா சமையலறையிலிருந்து. "நம்மள வுட நல்லா வாசிக்குதே."

அப்பா அவள் பக்கம் திரும்பவில்லை. ஒவ்வொரு பட்டனையும் மறுபடி அழுத்திக்கொண்டிருந்தார். நான் போய்ச் சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கினேன். பாட்டு நிற்கவில்லை. பேட்டரியிலும் ஓட வேண்டும் என்று கேட்டு வாங்கியது நான்தான்.